'பரவாயில்லை' என்று சொன்ன மாமா எழுதுவது

அன்புள்ள மருமகனுக்கு,

போன வாரம் போனில் "'குரோனிக்கிள்' படம் எப்படி மாமா?" என்று கேட்டாய். "ம்... பரவாயில்லை" என்றேன். உன் குரல் இறங்கிவிட்டது. உடனே போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டாய். பதினேழு வயதில், பிடித்த படத்தை யாராவது திட்டினால் சண்டையாவது போடலாம். 'பரவாயில்லை' என்பவனை என்ன செய்வது? அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

'குரோனிக்கிள்' 2012இல் வந்த ஆங்கிலப் படம். இயக்குநர் ஜோஷ் டிராங்குக்கு அப்போது வயது 27, செலவு சுமார் 1.2 கோடி டாலர், வசூல் 12 கோடிக்கு மேல் என்று பரீட்சைக்குப் படித்ததுபோல நீயே ஒப்பித்தாய். கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. 84 நிமிடத்தில் முடித்ததற்கு நன்றிகூடச் சொல்வேன்.

எனக்கு உறுத்தியது கேமரா. படம் முழுக்கக் கதைக்குள் இருக்கும் கேமராக்களே எடுத்தது மாதிரிதானே காட்டுகிறார்கள். உனக்கே தெரியும், நான் ஒன்பது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன். அந்த வேலையில் ஒரு சுகம் உண்டு. தோளில் கேமரா இருந்தால் "உனக்கு எப்போ கல்யாணம்?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். சொந்தக்காரர்கள் சண்டையில் பஞ்சாயத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டே அதில் சேராமல் இருக்கலாம். அதனால்தான் கதாநாயகன் ஆண்ட்ரூவை முதல் காட்சியிலேயே பிடித்துவிட்டது. பூட்டிய கதவு, வெளியே குடித்துவிட்டுத் தட்டும் அப்பா, உள்ளே கண்ணாடி முன்னால் கேமராவோடு இந்தப் பையன். இனி எல்லாவற்றையும் படம் பிடிக்கப்போகிறேன் என்கிறான். கேமரா உனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் சுவர் மாதிரி இருக்கிறதே என்று பின்னால் அவன் நண்பன் ஸ்டீவ் கேட்கும்போது, சுவர்தான் வேண்டும் என்கிற மாதிரி பதில் சொல்கிறான். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

தொடாமலே மனசால் பொருளை அசைக்கும் சக்தி வந்த பிறகு ஆண்ட்ரூ, ஸ்டீவ், மேட் என்ற மூன்று பையன்களும் அதை வைத்துச் செய்கிற அற்பத்தனம் எல்லாம் அழகு. கடையில் பொம்மையை மிதக்கவிட்டு ஆட்களைப் பயமுறுத்துவது, மேகத்துக்குள் பந்து விளையாடுவது. உலகத்தைக் காப்பாற்றும் யோசனையே ஒருத்தனுக்கும் வரவில்லை. உன் வயதில் எனக்கும் வந்திருக்காது. அப்புறம் அந்த ரோட்டுக் காட்சி. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. ஆண்ட்ரூ கொசுவை விரட்டுவதுபோலக் கையை லேசாக அசைக்கிறான், வண்டி தண்ணீருக்குள் போய்விடுகிறது. அவன் முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்குத்தான் வயிறு கலங்கியது.

கேமராவை அவன் மனசாலேயே மிதக்கவிடுவதும் கெட்டிக்காரத்தனம். இதுவரை மற்றவர்களை மட்டும் படம் பிடித்தவன், இனி தானும் ஃபிரேமுக்குள் வரலாம். கிரேன் வாடகைக்கு நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது!

இவ்வளவு பாராட்டிவிட்டு எதற்குப் 'பரவாயில்லை' என்கிறாயா? ஆண்ட்ரூ கையில் கேமரா இருக்கும்வரை அதற்கு ஒரு காரணம் இருந்தது. கேஸி என்று ஒரு பெண் வருகிறாள். வாசல் கதவைத் திறக்கும்போதும் அவள் கையில் கேமரா. அவளுக்குக் கதையில் வேறு வேலை என்ன, சொல் பார்ப்போம். மேட் இருக்கிற இடத்தில் படம் பிடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். கடைசிச் சண்டையில் சிசிடிவி, போலீஸ் கேமரா என்று கிடைத்ததிலிருந்தெல்லாம் துண்டு துண்டாக வருகிறது. சியாட்டில் நகரத்து ஸ்பேஸ் நீடில் கோபுர உச்சியில், ஆண்ட்ரூ சுற்றுலா வந்தவர்களின் போன்களையும் கேமராக்களையும் பிடுங்கித் தன்னைச் சுற்றி மிதக்கவிடுகிறானே, அது மட்டும் அபாரம். மற்றபடி சாதாரண சூப்பர்ஹீரோ அடிதடி, படம்தான் கொஞ்சம் ஆடுகிறது.

அப்போது எனக்குள் இருந்த வீடியோக்காரன் விழித்துக்கொண்டான். இதையெல்லாம் சேர்த்து மிக்சிங் செய்தது யார்? இதேபோலக் கேமராப் பதிவாகவே ஓடும் படங்களில், 1999இல் வந்த 'பிளேர் விட்ச்', தொலைந்துபோனவர்களின் பிலிம் ஒரு வருடம் கழித்துக் கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடும். 2008இல் வந்த 'குளோவர்ஃபீல்ட்' அரசாங்கத்தின் கையில் இருக்கும் டேப். இதில் ஆண்ட்ரூ செத்துவிட்டான், கேமராக்கள் சியாட்டில் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அவன் பெட்ரூமில் அழுததையும் தெருமுனை சிசிடிவியையும் ஒரே டைம்லைனில் வைத்து வெட்டி ஒட்டியது யார்? நொட்டை சொல்கிறேன் என்பாய். யார் பார்க்கிறார்கள் என்று தெரியாவிட்டால், அந்தப் பையன் யாரிடம் பேசிக்கொண்டிருந்தான் என்பதும் தெரியாமல் போகிறதே.

இன்னொன்று, அவசரம். அம்மாவின் மருந்துக்காகத் திருடப்போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அம்மா செத்துவிட்டாள் என்று அப்பா வந்து சொல்கிறார், பழியையும் அவன் தலையிலேயே போடுகிறார். அதற்கு அழக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த நொடி சுவர் வெடிக்கிறது. ஆண்ட்ரூவாக நடித்த டேன் டிஹான் கண்ணிலேயே இன்னும் பத்து நிமிடம் தாங்கியிருப்பார். கொடுக்கவில்லை.

சரி, கடைசிக் காட்சி. திபெத் மலையில் மேட் கேமராவை ஆண்ட்ரூவுக்காக வைத்துவிட்டுப் பறந்துபோகிறான். உனக்கு அங்கே கண் கலங்கியதாகச் சொன்னாய். எனக்கு அந்தக் குளிரில் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்றுதான் ஓடியது. தொழில் புத்தி, மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திட்டுவதானால் நேரிலேயே திட்டு, போனை அம்மாவிடம் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா