பல் வைத்தியர் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் போசகர்களுக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்ததும் வழமைபோலப் பெருவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை கோரம் சேராமல் பிளேன்டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். பொங்கல் விழா நன்றாக நடந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல் பரிசோதனை முகாம் ஒன்று வைத்தோம். மூத்த வைத்தியர்கள் இருவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

அடுத்தது போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) பயிற்சி: பல்லைச் சுற்றி வெட்டிச் செதுக்கி, அதன்மேல் கிரவுன் என்னும் உறை செய்யப் பழக்குவது. சென்ற பொதுக்கூட்டத்தில் ஓர் அங்கத்தவர், "பல்லை வெட்டவும் கிரவுன் செய்யவும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்கள்தானே, சங்கத்துக் காசில் நாங்கள் ஏன் மினக்கெட வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று நேரம் போதவில்லை, பதிலை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் எல்லோரும் பல்லை வெட்டி, அச்செடுத்து, பெட்டியில் போட்டு, கிரவுன் செய்யும் லாபுக்கு அனுப்பிப் பழகியவர்கள். கிரவுன் இறங்காவிட்டால் லாபைத் திட்டுவோம். லாபில் இருப்பவர் எங்களைத் திட்டுவது எங்களுக்குக் கேட்பதில்லை. விடுமுறைக்குக் கொழும்பு வரும் பல் வைத்திய மாணவர்கள் பிளாஸ்டிக் பல்லை வெட்டி, அதற்குத் தாங்களே மெழுகில் கிரவுன் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் நான் தொடங்கியது. காலையில் வெட்டு, அச்சில் ஊற்றிய கல்மா இறுகும் வரை மீன் பணிஸ், பின்னேரம் மெழுகு. எட்டுப் போயா நாட்கள் நடத்தினோம்.

முதல் நாள் ஒரு மாணவர் வெட்டிய கீழ்க் கடவாய்ப்பல் மேலிருந்து பார்க்க அழகாகவே இருந்தது. எங்கள் லாப் தொழில்நுட்பவியலாளர் அண்ணர் ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, மெழுகை நீங்களே வையுங்கோ" என்றார். மெழுகு ஒரு பக்கத்தில் பிடித்துக்கொண்டு கழன்று வர மறுத்தது, அடியில் குடைந்திருந்தது. அதைச் சரிசெய்யப் போய்ச் சுற்றி வர வெட்டினார், பல் கூம்பாகிவிட்டது. இப்போது கவிழ்த்தாலே மெழுகு விழுந்தது. பல்லின் எதிரெதிர்ச் சுவர்கள் மேல்நோக்கி உட்பக்கமாக மொத்தம் 6 பாகை அளவில் சாய வேண்டும் என்று புத்தகம் சொல்லும். மண்டபத்துக் கடிகாரத்தைக் காட்டினேன்: ஒரு நிமிடக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள கோணம் அவ்வளவுதான். வாய்க்குள் வெட்டும்போது அனுபவசாலிகளுக்கும் அது கூடிவிடும். என்னுடையதையும் பிள்ளைகள் அளந்தார்கள். எவ்வளவு வந்தது என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

ஆழமும் இப்படித்தான். பீங்கான் ஏற்றிய உலோகக் கிரவுனுக்குக் கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. வரை எடுக்க வேண்டும். குறைத்து எடுத்தால் பீங்கானுக்கு இடம் இல்லை. லாபில் தடிப்பாகச் செய்வார்கள், நோயாளிக்குக் கடி உயர்ந்து நிற்கும். வெட்டுமுன் சிலிக்கோன் அச்செடுத்துப் பிளந்து வைத்து, வெட்டியபின் பல்லில் பொருத்திப் பார்த்தால் எடுத்தது எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும். தண்ணீர் விடாமல் வெட்டினால் பிளாஸ்டிக் பல் உருகிக் காட்டிக்கொடுக்கும். உயிருள்ள பல்லில் சூடேறி நரம்பு செத்தால் அன்றைக்குத் தெரியவராது.

மெழுகில் செய்த உருவை அச்சுக்குள் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் உலோகம் வார்ப்பதைப் பல் வைத்தியத்தில் பரவச் செய்தவர் அமெரிக்கரான வில்லியம் டாகார்ட், 1907இல். அண்ணர் இதை ஏற்பதாயில்லை. "பொலன்னறுவையில் எடுத்த நடராசர் இங்கே மியூசியத்தில் நிற்கிறார், அவரையும் மெழுகு வைத்துத்தானே வார்த்தார்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிடவில்லை.

இனி மனக்குறை. பிள்ளைகள் வெட்டிப் பழகப் பிடுங்கிய பற்களைச் சேர்த்துத் தரும்படி இருபது அங்கத்தவர்களுக்கு ஃபோர்மலின் போத்தல் கொடுத்தேன். திரும்பி வந்தவை இரண்டு. ஒன்றில் முழுக்கப் பாற்பற்கள். செய்து காட்ட வருவதாக எழுதித் தந்த நால்வரில் வந்தவர் ஒருவர். அவரும் காலி வீதி நெரிசலில் மாட்டி, பணிஸ் முடியும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் உண்டு. வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். மீதி என்று சொல்லத்தக்கது பெரிதாக இல்லை. சந்தா பாதிப் பேர் கட்டியிருக்கிறார்கள். மறுபாதியில் சிலர் மூன்று ஆண்டாக "அடுத்த மாதம்" என்கிறார்கள். பயிற்சியால்தான் காசு கரைந்தது என்ற பேச்சு என் காதிலும் விழுந்தது. பிளாஸ்டிக் பற்களும் சிலிக்கோனும் சங்கக் காசில் வாங்கியவை, மறைக்கவில்லை. பணிஸ் என் காசு.

மண்டபம் தந்தவர்களுக்கும் தலைவருக்கும் பொருளாளருக்கும் செயற்குழுவுக்கும் நன்றி. அண்ணருக்குத் தனி நன்றி. எட்டு நாளும் வந்தவர் அவர் ஒருவர்தான்.

வரும் ஆண்டு பயிற்சி தொடருமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பல் வெட்டும் கருவியான ஏரோட்டர் இருப்பது இரண்டு, அதில் ஒன்று பேரிங் போய்க் கத்துகிறது. கிளினிக் அலமாரியில் பழையது சும்மா கிடப்பவர்கள் யோசிக்கலாம். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க விரும்பினால் சாவியை இன்றே தரத் தயார். ஒருவரும் எழும்பாவிட்டால், சரி, நானே பார்க்கிறேன். சந்தாப் புத்தகம் பிளேன்டீ மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

செயலாளர்