மனநல மருத்துவமனைப் பாதுகாப்புப் பிரிவில் உள்ள என் தங்கையை என் பொறுப்பில் ஒப்படைக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: கணவரின் சம்மதக் கடிதத்தை வற்புறுத்தாமல் அரசுக்கு அறிக்கை அனுப்பக் கோருதல் தொடர்பாக.

பார்வை: குறைதீர் நாளில் அளித்த முந்தைய மனுக்கள், ஒப்புகைச் சீட்டுகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரசு மனநல மருத்துவமனையின் பின்மதிலை ஒட்டிய பாதுகாப்புப் பிரிவைத் தாங்கள் நன்கறிவீர்கள். அங்கே பெண்கள் பகுதியில் உள்ள என் தங்கைக்காக முன்பு அளித்த மனுக்களுக்குப் பதில் கிடைக்காததால், மீண்டும் பணிவுடன் எழுதுகிறேன்.

1. பிரசவத்துக்குப் பின் வந்த கடுமையான மனநோயில், தன் கைக்குழந்தையின் உயிர் போக அவளே காரணமானாள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அவளைக் குற்றத்திலிருந்து விடுவித்து, பாதுகாப்பில் வைக்க உத்தரவிட்டது. இப்போது அவளால் யாருக்கும் ஆபத்தில்லை என்று மருத்துவர்கள் சான்றளித்துள்ளனர்.

2. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 378ஆம் பிரிவின்படி, உறவினரோ நண்பரோ விண்ணப்பித்துப் பிணை கொடுத்தால், இப்படிப் பாதுகாப்பில் உள்ளவரை மாநில அரசு அவரிடம் ஒப்படைக்கலாம். நான் உடன்பிறந்த அக்கா. பிணைக்கும் தயார்.

3. ஆயினும், கணவரின் சம்மதக் கடிதம் இல்லாமல் கோப்பு நகராது என்று தங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள். இறந்த குழந்தைக்குத் தகப்பன் அவர். வேறு திருமணமும் செய்துகொண்டுவிட்டார். அவர் எப்படிக் கையெழுத்திடுவார்? அதே பிரிவின் ஆண்கள் பகுதியில், அண்டை வீட்டுக்காரரை வெட்டிய வழக்கில் வந்த ஒருவரை அழைத்துச் செல்ல அவருடைய தாயின் கைநாட்டு போதுமானதாக இருந்தது. நோயின் வேகத்தில் ஆண் வெளியாரையும் தாக்கக்கூடும். பெண்ணின் கை பெற்ற பிள்ளைமீதும் வீட்டார்மீதுமே படுவது அதிகம். அதனால் ஆணை மீட்டுவரக் குடும்பம் இருக்கிறது, பெண்ணுக்கோ அந்தக் குடும்பமே பாதிக்கப்பட்ட தரப்பாகிவிடுகிறது. அவர்களிடமே போய்ச் சம்மதம் வாங்கி வா என்றால், வெளியே விடமாட்டோம் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன பொருள், ஐயா? கிராம நிர்வாக அலுவலரும் அவள் இனி காலடி வைக்காத கணவர் வீட்டில்தான் விசாரித்தார். அவளுக்காக அறை ஒதுக்கியிருக்கும் என் வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் தன் இரண்டு நைட்டிகளையும் மருந்துச் சீட்டையும் மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். இன்னும் கையெழுத்து ஆகவில்லை என்று எத்தனை முறைதான் அவளிடம் சொல்வது?

4. குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. இவளை ஏற்க நான் இருக்கிறேன்.

5. அக்காவின் கையெழுத்து ஏன் போதாது என்று எழுத்திலாவது பதில் தாருங்கள்.

ஆகவே, கணவரின் கடிதத்தைக் கேட்காமல், என் வீட்டில் விசாரணை நடத்தி, என் தங்கையை என்னிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்து அரசுக்கு உடனே அறிக்கை அனுப்புமாறு மீண்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(நோயாளியின் மூத்த சகோதரி)

இணைப்பு: மருத்துவச் சான்று, நீதிமன்றத் தீர்ப்பு, என் குடும்ப அட்டை நகல்கள்.