பை மூடி இருக்கிறது, பை எங்கே?

கடலூர் மாவட்டத்தில் சாரணியர் (கைட்ஸ்) படை நடத்தும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பொறுப்பாசிரியைகளுக்கும் வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருப்பவள் நான். பள்ளி திறந்ததும் உங்கள் மாணவிகளின் வெளிர்நீலச் சீருடைகள் ஆல்ட்டர் செய்ய எங்கள் கடைக்கு வரத் தொடங்கிவிடும். மொத்த ஆர்டரில் தைத்தவை அல்லவா, ஒருத்திக்குத் தோள் இறங்கும், இன்னொருத்திக்கு அக்குள் பிடிக்கும். அதைச் சரிசெய்வது எங்கள் பிழைப்பு; அதில் எனக்கு வருத்தமில்லை. நான் சொல்ல வந்த குறை வேறு.

அந்தச் சட்டைகளில் மார்பின் இருபக்கமும் பை மூடி இருக்கிறது. நடுவில் கூர் வைத்து வெட்டி, ஓரத்தில் தையல் ஓட்டி, பட்டனும் வைத்திருக்கிறார்கள். ஆனால் காஜா கிடையாது. மூடியையும் சட்டையையும் சேர்த்துப் பிடித்து அதன்மேல் பட்டனைத் தைத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே பையே இல்லை. மொத்தமாகத் தைத்துக் கொடுப்பவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். பெண் பிள்ளைகளுக்கு எதற்கம்மா பை என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதே மனிதர் பையன்களுக்குத் தைக்கும் சாம்பல் நிறச் சட்டையில் இரண்டு பைகள் உண்டு. பேனா செருகத் தனித் தையலும் உண்டு.

கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபின் கதை இதைவிட மோசம். அது முக்கோணமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கை முறிந்தவருக்குத் தூளி கட்டலாம், தலைக்காயத்தைச் சுற்றிக் கட்டலாம். மீட்டர் அகலத் துணியில் ஒரு சதுரம் எடுத்துக் குறுக்கே வெட்டினால் அப்படிப்பட்ட இரண்டு துண்டுகள் கிடைக்கும். இப்போது வருவதை விரித்துப் பார்த்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையைக்கூட அதில் ஏந்த முடியாது. முதலுதவிப் பாடத்தை அந்தப் பிள்ளைகள் எந்தத் துணியை வைத்துப் படிக்கிறார்கள்?

தையல்காரிக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். என் மகளும் சாரணியராக இருந்தவள். அவளுக்காகப் படிக்கத் தொடங்கியது, தொழில் சார்ந்த ஆர்வமாகிவிட்டது. 1909 செப்டம்பரில் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சில பெண் பிள்ளைகள், யாரும் அழைக்காமலே, நாங்களும் சாரணர்தான் என்று வந்து நின்றார்கள். அதன் பிறகுதான் அவர்களுக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்பது பெரியவர்களுக்கு உறைத்தது. அந்த ஆண்டின் இறுதியில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் வெளியிட்ட திட்டத்தில் பெண்களின் சீருடைப் பட்டியலும் இருக்கிறது. கருநீலப் பாவாடையோடு தோள்பை, சமையல் பாத்திரம், கயிற்றில் கோத்த கத்தி, கைத்தடி! பெண்கள் கணுக்கால் தெரிய நடக்கக் கூசிய காலத்தில் போட்ட பட்டியல் அது. அடுத்த ஆண்டு அவருடைய தங்கை ஆக்னஸின் தலைமையில் இயக்கம் முறையாகத் தொடங்கியது. 1911இல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் படையும் அமைந்துவிட்டது.

அமெரிக்காவில் ஜூலியட் கார்டன் லோ என்ற பெண்மணி 1912இல் சவன்னா நகரில் இந்த இயக்கத்தைத் தொடங்கியபோது பிள்ளைகள் தங்கள் உடையைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். முதலில் நீலம், பிறகு காக்கி, அதன்பின் பச்சை. இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்ததும் ஜிப்பை எடுத்துவிட்டுப் பட்டன் வைத்தார்கள். இன்றைக்கு அங்கே முழுச் சீருடைக்குக் கட்டாயமில்லை. இருக்கும் உடையின்மேல் வில்லைகள் தைத்த கையில்லாச் சட்டையோ குறுக்குப் பட்டையோ போட்டுக்கொண்டால் போதும். மலேசியாவில் முக்காடு அணியும் பிள்ளைகளுக்கு அதற்கேற்ற சீருடை இருக்கிறது. பக்கத்துப் புதுச்சேரிக்காரர்கள் உறவு கொண்டாடும் பிரான்சில், 2004இல் ஆண், பெண் அமைப்புகள் இரண்டு இணைந்து உருவான பெரிய சங்கத்தில், சட்டையின் நிறம் வயதைத்தான் சொல்கிறது. சிறியவர்களுக்கு ஆரஞ்சு, அடுத்தவர்களுக்கு நீலம், அதற்கும் மேல் சிவப்பு. பையனா பெண்ணா என்பதை அந்த நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது.

நம் ஊரில் அந்த உடைக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறோம்? விழா என்றால் வாசலில் வெளிர்நீல வரிசை. ஒருத்தி கையில் பன்னீர்ச் செம்பு, ஒருத்தியிடம் சந்தனக் கிண்ணம், ஒருத்தி கல்கண்டுத் தட்டோடு நிற்பாள். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவார். அதுவரை வெயிலில் நிற்க வேண்டும். அதே பள்ளியின் சாரணர்கள் கொடிக்கம்பம் நட்டு, கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பன்னீர் தெளிக்கப் பை வேண்டாம்தான். தைப்பவருக்கு இது தெரிந்திருக்கிறது, அதனால்தான் மூடியோடு நிறுத்திக்கொண்டார்.

நாம் இருப்பது கடலூர். 2004இல் சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்டதை மறக்க முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை ஏறியது. 2015இல் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையின் வெள்ளம். 'தயாராக இரு' என்று நெற்றிக்கு மூன்று விரல் உயர்த்தும் பிள்ளைகளுக்கு இந்த மாவட்டத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. விசில், சிறு நோட்டு, பென்சில், பேண்டேஜ் சுருள், இரண்டு முழம் கயிறு ஆகியவற்றை அவர்கள் எங்கே வைத்துக்கொள்வார்கள்?

அடுத்த கல்வியாண்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள். சட்டையில் நிஜமான பை வேண்டும், கீழே பக்கப் பையும் வேண்டும். ஸ்கார்ஃப் தூளி கட்டும் அளவில் இருக்கட்டும். விதியே அனுமதிக்கும் சல்வார் கமீஸை, வேண்டும் என்கிற பிள்ளைக்கு மறுக்காதீர்கள். பாவாடையில் ஏணி ஏறச் சொல்லிவிட்டு, ஏறத் தயங்குகிறாள் என்று எழுதுவதில் நியாயமில்லை. பக்கத் தையலில் துணி விட்டுத் தைக்கச் சொன்னால் இரண்டு வகுப்பு தாண்டியும் பிரித்துவிட்டுப் போடலாம். அரசு தரும் விலையில்லாச் சீருடையோடு இது வருவதில்லை, பெற்றோரின் கைக்காசில் வாங்குவது. மேல்வகுப்புக்குப் போனவர்களின் உடைகளைத் துவைத்து வாங்கிப் பள்ளியிலேயே ஓர் அலமாரியில் வைத்தால், காசில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் படையில் சேராமல் இருக்க மாட்டாள்.

துணிக் கடைக்காரர் கணக்கு என்று ஒன்று சொல்வார், பைக்குக் கூடுதல் துணி ஆகும் என்பார். நான் வெட்டிப் பார்த்துவிட்டேன். சட்டைக் கை வெட்டும்போது விழும் துண்டிலேயே இரண்டு மேல்பைகளும் வந்துவிடுகின்றன. பக்கப் பைக்கு மட்டும் கொஞ்சம் லைனிங் துணி வேண்டும். அளவு குறித்த காகித வெட்டும் தைத்த மாதிரிச் சட்டை ஒன்றும் கடையில் இருக்கின்றன; எந்தப் பள்ளிக்கும் காசு வாங்காமல் தருவேன். ஆர்டரை எனக்குத் தர வேண்டும் என்பதில்லை, உங்களுக்கு வழக்கமாகத் தைப்பவரிடமே கொடுங்கள். மாதிரியை வாங்க வரும்போது ஆசிரியையோடு ஓர் அணித் தலைவியையும் அனுப்புங்கள். போட்டுப் பார்த்து, குனிந்து நிமிர்ந்து, எங்கே பிடிக்கிறது என்று அவள் சொல்லட்டும்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர்த் தையல்காரி ஒருத்தி