ஆத்தூர்ப் பள்ளம் வண்டலால் ஆனதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சமவெளிகள் பற்றிய கட்டுரையில் சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பள்ளத்தாக்கையும் தஞ்சைச் சமவெளியையும் 'பிளவில் இறங்கி, வண்டலால் நிரம்பிய நிலங்கள்' என்று ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். தஞ்சைக்குச் சரி. ஆத்தூருக்குப் பொருந்தாது.

ஆற்றின் வேகம் குறைந்தால் மண் படியும், உண்மைதான். ஆனால் படிந்த மண் நிலைத்துச் சேர வேண்டுமானால் அடித்தளம் தொடர்ந்து தாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையேல் பின்னால் வரும் வெள்ளமே அதை அள்ளிப் போய்விடும். தஞ்சை அமைந்த காவிரிப் படுகையில் அடித்தளம் தாழ்ந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன், அண்டார்டிகாவை விட்டு இந்தியா விலகிய காலத்தில், அங்கே பாறைத்தளம் பாளம் பாளமாக இறங்கியது. சில இடங்களில் படிவின் கனம் 5 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. (மேலே உள்ள ஆற்று வண்டல் அதில் ஒரு மெல்லிய போர்வைதான், அடியில் கடல் படிவுகள் இருக்கின்றன.)

சேலம்–ஆத்தூர் வலயம் 50 கோடி ஆண்டுகளுக்கும் பழையது. பூமியின் ஆழத்தில் பாறைகள் உரசி நசுங்கிய இடம் அது. நசுங்கிய பாறை சீக்கிரம் மக்கும். வசிஷ்ட நதி அதை அரித்தது, நசுங்காத பாறையான கல்வராயன் மலை நின்றது. அரித்த மண் வெள்ளாற்று வழியே பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போனது. ஆற்றோரங்களில் கொஞ்சம் வண்டல் தங்கியிருக்கிறது, அவ்வளவே.

கிணற்றுச் சுவரிலேயே இதைச் சரிபார்க்கலாம். வெள்ளைக்கல் நரம்பு (பாறையினூடே ஓடும் குவார்ட்ஸ் பட்டை) ஒன்று கருங்கல்லிலிருந்து மேலே மக்கிய மண்வரை முறியாமல் ஓடினால், அந்த மண் அங்கேயே மக்கியது. ஆறு கொண்டுவந்த மண்ணில் நரம்பு இராது. மணல், களி, சரளை எனப் படுக்கை படுக்கையாக இருக்கும். கல் உருண்டையாக இருக்கிறதே என்று ஆற்றுக்கல் என முடிவு கட்ட வேண்டாம். சேர்வராயன் மலையின் சார்னோகைட் என்ற கருங்கல் மக்கும்போது வெங்காயத் தோல் போல உரிந்து, உள்கல் உருண்டையாகவே மிஞ்சும். இதில் ஏமாறுவோர் அதிகம்.

இது வெறும் பாடப்புத்தகச் சர்ச்சை அல்ல. தஞ்சை மணலில் போர் போட்டால் ஃபில்டர் பைப்பும் (மணலைத் தடுத்து நீரை விடும் துளைக் குழாய்) சுற்றிலும் சரளையும் வேண்டும். ஆத்தூரில் மக்கிய பகுதி முடிந்து கெட்டிப் பாறைக்குள், துளைச் சுவர் சரியாமல் காக்கும் கேசிங் பைப்பின் அடி உட்கார வேண்டும். கீழே வெறுந்துளை போதும், நீர் பாறை வெடிப்பிலிருந்து வரும். செலவை மிச்சம் பிடிக்க ஓரடி முன்னாலேயே கேசிங்கை நிறுத்தினால், மழைக்காலத்தில் மக்கிய மண் உள்ளே சரிந்து மோட்டார் சிக்கிக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்