பலகை முடியும் நிலையில்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். புது வீட்டுக்கு என்று நீ கேட்ட காய் நறுக்கும் பலகை முக்கால்வாசி முடிந்துவிட்டது. நடுவில் வால்நட், இரண்டு பக்கமும் மேப்பிள், ஓரத்தில் செர்ரி. செர்ரி இப்போது வெளிறித் தெரியும். வெளிச்சம் படப்பட நன்றாகச் சிவக்கும். அவசரப்பட்டு நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடாதே. தண்ணீரில் ஊறவும் போடாதே.

மூன்று மரத்துக்கும் சுபாவம் வேறு. மேப்பிள் கடினம், மற்ற இரண்டும் கொஞ்சம் மெத்து. ஈரம் ஏறினால் மரம், நார் ஓடும் ரேகைக்குக் குறுக்கேதான் உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. அதனால் எல்லாப் பட்டையிலும் ரேகை ஒரே பக்கம் ஓடும்படி அடுக்கினேன். பட்டைகள் இடுக்கில்லாமல் பொருந்தும்வரை இழைத்த பிறகுதான் பசை தொட்டேன். சரியாகப் பொருந்தாததைக் கிளாம்ப் போட்டு முறுக்கி ஒட்டினால் அந்த இழுவை உள்ளேயே இருக்கும், என்றைக்காவது விரியும்.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? எப்போது கேட்டாலும் வெளியே போயிருக்கிறார் என்கிறாய். சரி, வேலை இருக்கும். நீ சாப்பிடுகிறாயா? குரல் இளைத்திருக்கிறது என்று அம்மா சொல்கிறாள்.

உப்புத்தாள் சொரசொரப்பான 80ஆம் நம்பரில் தொடங்கி 120, 180, நைசான 220 வரை வந்தாயிற்று. அப்புறம் ஈரத்துணியால் துடைத்தேன். காய்ந்ததும் மழமழவென்று இருந்த பலகையில் நார் எழும்பி, இரண்டு நாள் தாடிபோல் கையில் குத்தியது. அதை மறுபடி 220ஆல் லேசாகத் தேய்த்து எடுத்தேன். இல்லாவிட்டால் நீ முதல் தடவை கழுவும்போது சொரசொரத்துவிடும். சின்ன வயதில் இந்த வேலையை நீதான் செய்வாய், ஒரு கீறல் விடமாட்டாய். உன் பொறுமை எனக்கே கிடையாது. அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உன் அத்தை விஷயம் உனக்குத் தெரியும்.

கழுவியதும் துடைத்து நிமிர்த்தி வை, படுக்கவைக்காதே. சமையல் எண்ணெய் தடவாதே, சிக்கு வாடை வரும். மினரல் ஆயில்தான், இரண்டு பக்கமும். ஊறப் போடாதே.

ஒரு மூலையில் எழுத்து செதுக்க இடம் விட்டிருக்கிறேன். எண்ணெய் பூசுவதற்கு முன்பே செதுக்க வேண்டும். உன் எழுத்து மட்டுமா, இரண்டு பேருடையதுமா? எதுவானாலும் எனக்குச் சம்மதம். எழுத்தே வேண்டாம் என்றாலும் சரி. எழுதச் சங்கடமாக இருந்தால் போன் பண்ணு. எந்த நேரமானாலும் நான்தான் எடுப்பேன், அம்மாவை எழுப்பமாட்டேன்.

அப்பா