ஆக்பர்ன் செயின்ட் ஆண்ட்ரூவில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்கு

எல்லோருக்கும் வணக்கம். காணாமல் போன அப்பா, இங்கிலாந்தில் ஸ்விண்டன் பக்கத்துக் கிராமமான ஆக்பர்ன் செயின்ட் ஆண்ட்ரூவில் கிடைத்துவிட்டார். நன்றாக இருக்கிறார். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்.

படத்தைப் பகிர்ந்தவர்கள், சாப்பாடு கொண்டுவந்த ஸ்விண்டன் தமிழ்க் குடும்பங்கள், மார்ல்பரோ சாலையில் நிறுத்தம் நிறுத்தமாக இறங்கித் தேடிய தம்பிகள், போலீஸ்காரர்கள், உங்கள் எல்லோரையும் நேரில் வந்து பார்ப்பேன். இன்று ஒருவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். அந்த ஊர்த் தேவாலயத்தில் பூ வைக்க வந்த, தமிழ் தெரியாத ஒரு பெரியம்மா அவர். பெயர் போட வேண்டாம் என்றார்.

அந்தத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குள் வெண்கலக் காலத்துப் புதைமேடு ஒன்று உண்டு. தெரியாதவர்களுக்கு வெறும் மண்மேடு. அதன் அடியில், ஈரப்புல்லில், அப்பா வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். அவர் தாமிரபரணிக் கரைக்காரர். முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர்ப் பறம்பைப் பார்த்து வளர்ந்தவர். இறந்தவர்கள் கிடக்கும் மண்ணில் செருப்போடு நிற்க மாட்டார். என் பெயர் மறந்துபோகிற நாளிலும் இது அவருக்கு மறப்பதில்லை.

பெரியம்மா முதலில் ஷூவை மாட்டிவிடப் பார்த்திருக்கிறார். அப்பா காலை இழுத்துக்கொண்டதும் விட்டுவிட்டார். தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி அப்பாவின் பாதங்களில் மாட்டினார். அப்புறம் தன் பூட்ஸையும் கழற்றி, அப்பாவின் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூடவே உட்கார்ந்துவிட்டார். நான் போனபோது பழுப்புக் கையுறையின் காலி விரல்கள் அப்பாவின் காலில் தொங்கிக்கொண்டிருந்தன. அப்பா தமிழில் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரியாமலே இவர் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்.

மேட்டின் கதையைப் பெரியம்மாதான் எனக்குச் சொன்னார். 1885-ல் தோண்டியபோது, ரோமர்களுக்குப் பிறகு இங்கிலாந்தில் குடியேறிய சாக்சன் மக்களின் காலத்தில் மரப்பெட்டியில் வைத்துப் புதைத்த ஒருவரும் உள்ளே இருந்தாராம். மேடு எழுப்பி ஈராயிரம் வருடத்துக்கு மேல் கழிந்து வந்தவர்கள், தங்கள் ஆளையும் அங்கேயே கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் தேவாலயம் கட்டியவர்களும் மேட்டைக் கலைக்கவில்லை. கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் ஜன்னலில் அந்த ஊர் வரும்போதெல்லாம் "இங்கே இறங்கலாமா?" என்று அப்பா கேட்பார். "அங்கே என்னப்பா இருக்கு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

பெரியம்மா, இதை உங்களுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவேன். கையுறைகளைத் துவைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் நாள் எதுவென்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.