வெண்டை விதைக்கும் முன் மண்ணின் சூட்டைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒரே பையில் இருந்த வெண்டை விதை ஒருவர் தோட்டத்தில் ஒரு வாரத்தில் முளைக்கிறது. இன்னொருவர் தோட்டத்தில் மூன்று வாரம் ஆகியும் தலை காட்டுவதில்லை. "விதை பழசா?" என்று கேட்டு எழுதுகிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், வைத்திருக்க வைத்திருக்க வெண்டை விதையின் முளைப்புத்திறன் குறையும். ஆனால் புது விதையும் முளைக்கவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் மண் குளிர்ந்து கிடப்பதுதான்.

வெண்டை, பருத்திக்கும் செம்பருத்திக்கும் சொந்தக்காரச் செடி. வெயிலில்தான் அதற்கு உயிர். மண் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஒரு வாரத்தில் முளை தெரியும். 25 டிகிரியில் இரண்டு வாரம் ஆகலாம், 20 டிகிரியில் அதற்கும் மேல். 16க்குக் கீழே போனால் விதை ஈரத்தைக் குடித்துவிட்டு மண்ணுக்குள்ளேயே அழுகும். பகல் வெயிலை மட்டும் நம்பி விதைக்காதீர்கள், காற்று சூடான பிறகும் மண் சூடேறக் கொஞ்ச நாள் பிடிக்கும். காலை நேரத்தில் 5 செ.மீ. ஆழத்தில் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். தொடர்ந்து சில நாள் 18க்கு மேல் நின்றால் விதைக்கலாம், 20ஐத் தாண்டினால் இன்னும் நல்லது.

விதையின் தோல் கெட்டியானது. ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் குழிக்கு இரண்டாக, 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். இரண்டும் முளைத்தால் நோஞ்சானைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

குளிர் நாடுகளில் இருப்பவர்கள் கடைசி உறைபனிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே வீட்டுக்குள் நாற்று விடலாம். வெண்டைக்கு ஆணிவேர், பிடுங்கி நட்டால் சுணங்கிவிடும். அதனால் மக்கிப்போகும் காகிதக் குவளையிலோ தென்னைநார்க் குவளையிலோ வளர்த்து, குவளையோடு மண்ணில் இறக்குங்கள். பாத்தியில் கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்தால் மண் சீக்கிரம் சூடாகும். இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. பல வெண்டை ரகங்கள் பகல் குறுகும்போதுதான் சீக்கிரம் பூக்கும். கோடையில் பகல் மிக நீளும் ஊர்களில் அவை ஆளுயரம் வளர்ந்து இலையாகவே நிற்கும். அங்கே விதைத்து 55, 60 நாளில் காய்க்கும் ரகத்தைத் தேடி வாங்குங்கள். கிளெம்சன் ஸ்பைன்லெஸ் அப்படிப்பட்ட பழைய, நம்பகமான ரகம்.

கடும் வெயில் ஊர்களில் முளைப்பதில் சிக்கல் இல்லை, பூவில்தான் சிக்கல். 42 டிகிரியைத் தாண்டினால் மொட்டு உதிரும். வேரடியில் காய்ந்த சருகைத் தடிமனாக மூடாக்குப் போட்டு, தினமும் கொஞ்சம் தெளிப்பதை விட்டு, இடைவெளி விட்டு ஆழமாகத் தண்ணீர் கட்டுங்கள். மழை அதிகமான இடங்களில் மேட்டுப்பாத்தி கட்டாயம். ஈர மண் சூடாகவும் இருக்காது, வேரை மூச்சுவிடவும் விடாது.

வெப்பமும் ஈரப்பதமும் சேரும் இடத்தில் வெள்ளை ஈ வரும், அதோடு மஞ்சள் நரம்புத் தேமல் நோயும் வரும். இலை நரம்புகள் வலை பின்னியதுபோல மஞ்சளாகிவிட்டால் அந்தச் செடிக்கு மருந்து கிடையாது. இரக்கம் பார்க்காமல் முதல் செடியிலேயே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அர்கா அனாமிகா, பர்பானி கிராந்தி போன்றவை இந்த நோயைத் தாங்கவென்று வந்த ரகங்கள். ஆனாலும் வெள்ளை ஈ மிகுந்தால் அவையும் எல்லா இடத்திலும் தப்புவதில்லை. தழைச்சத்தைக் கொட்டாதீர்கள். இலை கொழுக்கும், பூச்சி சேரும், காய் குறையும்.

பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். நடுவில் கருஞ்சிவப்போடு இருக்கும் அந்த வெளிர்மஞ்சள் பூ விழுந்த பிறகு, நல்ல வெயிலில் நாலைந்து நாளில் காய் பறிக்கத் தயார். நுனியைக் கிள்ளிப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். முற்றிய காயைச் செடியில் விட்டால் அது விதையைத்தான் பார்க்கும், புதிதாகப் பூக்காது. சுணை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் முளைக்கவில்லையா? மீதி விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி, சூடான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். துணி காயக்கூடாது. ஏழு எட்டு முளைவிட்டால் விதையில் குறையில்லை, மண் சூடாகும் வரை காத்திருந்து மறுபடி ஊன்றுங்கள். ஐந்துக்கும் குறைவாக முளைத்தால் பையில் உள்ள தொகுதி எண்ணை எங்களுக்கு எழுதுங்கள், வேறு விதை அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் விதைக்கடை